மொரீஷியஸ் தாத்தா அனுப்பிய பணம்

குழு: திருவல்லிக்கேணி வீட்டுச் சொந்தங்கள்

கவிதா: பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தாச்சு. மொரீஷியஸ் தாத்தாவின் கடிதங்கள் அப்படியே இருக்கின்றன. வீட்டுக்காக அனுப்பிய பணமும் எழுதியிருக்கிறார். 1938: 300 ரூபாய். 1953: 1,000. 1967 மார்ச்: 500. 1970: 500. 1982: 2,000. எல்லாம் அந்த ஊர் ரூபாய்.

அருண்: அந்த ஊர் ஒரு ரூபாய் இப்போ நமக்குக் கிட்டத்தட்ட இரண்டு ரூபாய். எல்லாத்தையும் இரண்டால் பெருக்கி வீட்டுக் கணக்கில் போட்டுடலாமே அக்கா?

பெரியப்பா: வேண்டாம்ப்பா. 1938க்கு இன்றைய விகிதத்தைப் போடக்கூடாது. அப்போது ஒன்றுக்கு ஒன்று.

சித்தி: நிஜமாவா மாமா? வேறே நாடாச்சே.

பெரியப்பா: வேறு நாடுதான். ஆனால் கரும்புத் தோட்ட வேலைக்கு நம் ஆட்கள் அவ்வளவு பேர் போய், கூடவே நம் ரூபாயும் அங்கே பரவிவிட்டது. அந்த ஊர் அரசாங்கமே தன் டாலரைக் கைவிட்டு 1877 முதல் ரூபாய்க்கு மாறியது. மொரீஷியஸ் டாலரில் பாதி ஒரு ரூபாய், அது நம் ரூபாய்க்குச் சமம். அணா மட்டும் கிடையாது, 100 சென்ட். 1934 வரை அவர்கள் சொந்தமாக ரூபாய் நாணயமே அடிக்கவில்லை. கடைத்தெருவில் புழங்கியது நம் வெள்ளி ரூபாய்தான்.

பெரியப்பா: 1934இல் அவர்கள் தங்கள் ரூபாயைப் பிரிட்டிஷ் பவுண்டோடு நிலையான விலையில் கட்டினார்கள், 1 ஷில்லிங் 6 பென்ஸ். நம் ரூபாயும் அதே விலை. அதாவது ஒரு பவுண்டுக்கு 13.33 ரூபாய், இரண்டு பக்கமும். 1949இல் பவுண்டு இறங்கியபோது இரண்டும் கூடவே இறங்கின. அதனால் 300க்கு 300, 1,000க்கு 1,000 என்றே எழுது கவிதா.

அருண்: அப்போ எப்போதான் பிரிஞ்சது பெரியப்பா?

பெரியப்பா: 1966 ஜூன் 6. நம் அரசு ரூபாயின் மதிப்பைக் குறைத்த நாள். அமெரிக்க டாலர் 4.76இலிருந்து 7.50 ஆனது, பவுண்டு 21 ரூபாய். மொரீஷியஸ் அசையவில்லை, அவர்களுக்கு அதே 13.33. 1967 மார்ச்சில் வந்த 500, இங்கே 787 ரூபாய் 50 காசு.

துபாய் மாமா: இங்கேயும் அதே கதைதான். ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று 1959இல் தனி ரூபாய் நோட்டு அடித்தது. 1966 குறைப்புக்குப் பிறகு கத்தாரும் துபாயும் அதை விட்டுவிட்டார்கள்.

கவிதா: 1970க்கும் அதே கணக்கா?

பெரியப்பா: இல்லைம்மா. 1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டைக் குறைத்தது. மொரீஷியஸ் கூடவே இறங்கியது, நாம் இறங்கவில்லை. நமக்குப் பவுண்டு 18 ரூபாய் ஆனது. ஆகவே 1970இல் வந்த 500க்கு 675.

அருண்: அங்கிருந்து மெல்ல ஏறி இரண்டுக்கு வந்துடுச்சு, அப்படித்தானே?

பெரியப்பா: அப்படி நினைத்தால்தான் 1982 கடிதத்தில் கணக்குத் தப்பும். 1976இல் அவர்கள் பவுண்டை விட்டு, சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகான எஸ்டிஆரோடு கட்டினார்கள். சர்க்கரை விலை சரிந்து கஷ்டம் வந்ததும் 1979 அக்டோபரில் 30 சதவீதம் குறைப்பு, 1981 செப்டம்பரில் இன்னொரு 20 சதவீதம். 1982இல் டாலருக்கு அவர்களிடம் சுமார் 10.87, நம்மிடம் சுமார் 9.46. நம் ரூபாய்தான் மேலே! 2,000 அனுப்பினால் இங்கே 1,740 போலத்தான் வந்திருக்கும்.

சித்தி: அதான் அத்தை அப்போ "அனுப்பினதைவிடக் கம்மியா வருது"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க!

பெரியப்பா: ஆமாம்மா, அவங்க சொன்னது சரி. 1991இல் நம் ரூபாய் விழுந்த பிறகுதான் அவர்களுடையது தெளிவாக மேலே போனது.

அருண்: அப்போ மொத்தம் 4,502 ரூபாய் சொச்சம். நான் சொன்ன மாதிரி போட்டிருந்தால் 8,600.

பெரியப்பா: மொத்தம் போடாதே. 1938இன் 300 ரூபாயில் நடந்த வேலை 1982இன் 1,740இல் நடக்காது. ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் ஆண்டை எழுது. போர்ட் லூயியில் இருக்கும் தாத்தா வம்சத்துக்கு இந்தக் கணக்கில் ஒரு ரூபாய் குறையவும் கூடாது, கூடவும் கூடாது. அவர் வங்கி வழியாகத்தானே அனுப்பினார், அதனால் அதிகாரப்பூர்வ விகிதமே போதும்.

கவிதா: சரி பெரியப்பா. 1982 கடிதத்தில் ஆகஸ்ட் என்று இருக்கிறது.

பெரியப்பா: நான் சொன்னது ஆண்டுச் சராசரி. ஆகஸ்ட் விகிதத்தைத் தனியாக எடுத்து அனுப்புகிறேன். அதுவரை அந்த வரியை மட்டும் பென்சிலில் எழுதி வை.