பழவேற்காட்டில் ஒருநாள் ஷூட்டிங்: ஷெட்யூலைப் போடுவது வெயிலும் காற்றும்

(ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது அதை எழுதியவரின் புனைபெயர்.)

கால்ஷீட்:

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் பிள்ளைகள் குறும்படத்துக்கு லொகேஷன் தேடினால் பழவேற்காடு தவறாமல் பட்டியலில் வந்துவிடும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர்தான். கடல், ஏரி, படகுத்துறை, மீனவக் குப்பங்கள் என ஒரே வட்டாரத்தில் எல்லாம் கிடைக்கும். அங்கே போகும் மாணவர் யூனிட்டுகளிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் பிரச்சினை ஒன்று உண்டு. ஸ்கிரிப்ட் வரிசையிலேயே ஷெட்யூல் போட்டுவிடுகிறார்கள். காலையில் சீன் 1, மதியம் சீன் 2, சாயங்காலம் க்ளைமாக்ஸ். கிழக்குக் கடற்கரையில் இது எடுபடாது.

கோடையில் சென்னைப் பக்கம் சூரியன் 5:45-ஐ ஒட்டி உதிக்கும், ஜனவரியில் 6:30 ஆகிவிடும். நாம் 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் அது சரிந்து போகாமல் கிட்டத்தட்ட நெட்டுக்குத்தாக, மணிக்கு ஏறக்குறைய 15 டிகிரி ஏறும். இதமான வெளிச்சம் உங்கள் கையில் ஒன்றேகால் மணி நேரம் இருந்தால் அதிகம். ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அந்த நாட்களில் மட்டுமல்ல, கோடை முழுவதுமே 11 மணிக்கு மேல் வெட்டவெளியில் க்ளோசப் வைத்தால் நடிகரின் கண்குழி கறுத்துப்போகும்.

அடுத்தது காற்று. விடியற்காலையில் கரை அமைதியாக இருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும், பெரும்பாலும் நண்பகலை ஒட்டி, கடற்காற்று கிளம்பும். ஒரு தடவை கிளம்பினால் சாயங்காலம் வரை ஓயாது, மைக்கில் வசனத்தோடு காற்றும் விழும். ஆகவே திறந்தவெளி வசனக் காட்சிகள் எல்லாம் காலை 6 முதல் 9:30-க்குள். 11 முதல் 3 வரை குடிசைக்குள்ளோ வலை பின்னும் கொட்டகைக்குள்ளோ போய்விடுங்கள். 3:30-க்கு மேல் வசனமில்லாத ஷாட்டுகள்: நடப்பது, ஓடுவது, தூரத்து வைடு. க்ளைமாக்ஸில் இரண்டு பக்க வசனம் இருந்தால் அதுதான் அன்றைய முதல் காட்சி.

எத்தனை ஷாட் என்று கேட்பார்கள். காலை 6 முதல் மாலை 6 வரை 720 நிமிடம். சாப்பாட்டுக்கும் டிபனுக்கும் 75, இடம் மாற 60 கழியும். மிச்சம் 585. மாணவர் யூனிட்டில் ஒரு செட்டப்புக்கு, அதாவது ஒரு ஷாட்டுக்குக் கேமராவையும் வெளிச்சத்தையும் அமைத்து எடுத்து முடிக்க, சராசரியாக 25 நிமிடம் பிடிக்கும். ஆக 23 செட்டப். பேப்பரில் 40 ஷாட் இருந்தால் முந்தின ராத்திரியே 17-ஐ வெட்டுங்கள். இல்லையென்றால் மாலை 4 மணிக்குப் பதற்றத்தில் வெட்டுவீர்கள், அப்போது போவது பெரும்பாலும் எடிட்டருக்கு அவசியமான ரியாக்‌ஷன் ஷாட்டாக இருக்கும்.

5:15-க்கு லொகேஷனில் நிற்க வேண்டுமென்றால் முந்தின இரவே பொன்னேரியில் தங்குங்கள். தூங்காத டிரைவரோடு 3 மணிக்குக் கிளம்ப வேண்டாம்.

எட்டு ஸ்டாப்:

கேமரா பக்கத்தைச் சொல்கிறேன். முதல் அரை மணி நேரத்தை விழுங்குவது லென்ஸில் படியும் ஆவி. ஏசி ரூமிலிருந்தோ ஏசி வண்டியிலிருந்தோ கேமராவை நேராக வெளியே எடுத்தால் கடற்கரை ஈரப்பதத்தில் முன் கண்ணாடி மட்டுமல்ல, சில சமயம் உள் கண்ணாடியும் பனிக்கும். துடைத்தால் திரும்பப் படியும். வழி ஒன்றே: இறங்குவதற்கு 30 நிமிடம் முன்பே வண்டியில் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பையை மூடியபடியே வைத்து, வெளிச் சூட்டுக்கு வந்தபின் திறங்கள். ரூமிலும் கேமரா பையை ஏசிக் காற்று நேராகப் படும் இடத்தில் வைக்க வேண்டாம்.

என்டி ஃபில்டர், அதாவது லென்ஸுக்கு முன் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, அதன் கணக்கு. லாக்கில் (பின்னால் நிறம் திருத்த வசதியாக மங்கலாகப் பதியும் முறை) எடுக்கும் பல கேமராக்களில் அடிப்படை ஐஎஸ்ஓ 800. உச்சி வெயிலில் அதற்கு எஃப் 16, ஷட்டர் 1/800 வரும். நமக்கு வேண்டியது 25 ஃப்ரேமுக்கு 1/50, லென்ஸ் எஃப் 4. ஒரு ஸ்டாப் குறைப்பது என்றால் வெளிச்சத்தைப் பாதியாக்குவது. ஷட்டரில் 4 ஸ்டாப், அப்பர்ச்சரில் (லென்ஸ் துவாரத்தில்) 4 ஸ்டாப், மொத்தம் 8 ஸ்டாப் குறைக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் 2 முதல் 5 ஸ்டாப் வேரியபிள் என்டி (திருகித் திருகி அளவை மாற்றுவது) போதாது. போதாததால் ஷட்டரை 1/400-க்கு ஏற்றிவிடுகிறார்கள், அலையும் கையசைவும் வெட்டி வெட்டித் தெரியும். வேரியபிளைக் கடைசி வரை திருகினால் வைடு லென்ஸில் வானத்தின் குறுக்கே பெருக்கல் குறி போல இருட்டு விழும், அதை கிரேடிங்கில் (எடிட்டுக்குப் பின் நிறம் திருத்தும்போது) சரிசெய்ய முடியாது. 6 ஸ்டாப் ஒன்று, 2 ஸ்டாப் ஒன்று என்று நிலையான என்டி இரண்டை வாடகைக்கு எடுத்து அடுக்குங்கள். அடுக்கினால் நிறம் கொஞ்சம் சாயும். ஷாட்டுக்கு முன் கிரே கார்டு (நிறத்துக்கு அளவுகோலான சாம்பல் அட்டை) ஒன்றை ஃப்ரேமில் காட்டி 3 விநாடி பதிவு செய்தால் பின்னால் சரிப்படுத்தலாம்.

குடிசைக்குள் போனதும் ஷட்டரை மறக்க வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ட்யூப்லைட் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். 1/50 அல்லது 1/100 வைத்தால் படம் நிற்கும், 1/60 வைத்தால் பட்டை பட்டையாக ஓடும். 24 ஃப்ரேமில் எடுப்பவர்களும் 1/50-லேயே வையுங்கள்.

மணலைப் பற்றி. லென்ஸ் மாற்றுவது வண்டிக்குள், அல்லது முதுகைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு பைக்குள். ஃபோகஸ் ரிங் கரகரத்தால் அதோடு நிறுத்துங்கள், மேலும் திருப்பினால் மணல் உள்ளே இறங்கும். ப்ளோவரால் ஊதுங்கள், வாயால் ஊதக் கூடாது. பேக்கப் ஆனதும் (அன்றைய ஷூட்டிங் முடிந்ததும்) கேமரா உடலையும் ட்ரைபாட் காலையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். உப்பை வெறும் காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும்.

முதலாண்டு:

அண்ணா, மதியம் வெளியிலேயே ஒரு க்ளோசப் எடுத்தாக வேண்டும் என்றால் 8க்கு 8 அடி ஸ்கிம்மர் (வெயிலை மிதமாக்கும் துணி) பிடிக்கலாமா? ஸ்டாண்டு இரண்டுதான் இருக்கிறது.

எட்டு ஸ்டாப்:

வேண்டாம் தம்பி. கடற்காற்றில் 8க்கு 8 துணி பாய்மரமாகிவிடும், ஸ்டாண்டோடு நடிகர் மேல் சாயும். 4க்கு 4 ஃப்ரேம் போதும். தலைக்கு மேல் இரண்டடி உயரத்தில், இரண்டு பேர் கையிலேயே பிடிக்கட்டும். ஷாட்டை மிட் க்ளோசப்பை (மார்பு வரை தெரிவது) விட அகலமாக வைக்காதே. வைத்தால் பின்னணி நடிகரை விட ரொம்பப் பளிச்சென்று தெரியும். நிரப்பு வெளிச்சத்துக்கு வெள்ளைத் தெர்மாகோல் வை, வெள்ளி ரிஃப்ளெக்டர் வேண்டாம், நடிகருக்குக் கண் கூசி இமை சுருங்கும். ஸ்டாண்டு போட்டே ஆக வேண்டுமென்றால் காலி அரிசிப் பையில் அங்கேயே மணல் நிரப்பி, காற்று வரும் பக்கத்துக் காலில் கட்டு. பக்கத்தில் ஓர் ஆள் நிற்கட்டும்.

பூம்:

மாணவர் படங்களில் படம் நன்றாக இருந்து சவுண்டில் விழுவதுதான் அதிகம், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அலைச் சத்தம் இருப்பது பெரிய குறையில்லை. ஷாட்டுக்கு ஷாட் அது மாறுவதுதான் தொல்லை. நடிகர் கடலைப் பார்த்து நிற்கும்போது ஒரு அளவு, எதிர் ஷாட்டுக்கு மைக்கைத் திருப்பினால் வேறு அளவு. வெட்டி ஒட்டும்போது ஒவ்வொரு வெட்டிலும் கடல் ஏறி இறங்கும். பூமை (நீளக் கம்பில் மாட்டிய மைக்கை) நடிகரின் தலைக்கு மேல் ஒன்றரை முதல் இரண்டு அடியில், கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். அப்போது கடல் எப்போதும் மைக்கின் பக்கவாட்டிலேயே இருக்கும், இரண்டு ஷாட்டிலும் அளவு ஏறக்குறைய ஒத்துவரும். கீழிருந்து மேலே நீட்டினால் காக்காவும் வானத்தில் போவதும் எல்லாம் விழும். வசனக் காட்சியைத் தண்ணீர் விளிம்பிலேயே வைக்க வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதம் பிடித்தால், ஒரு வைடு மட்டும் அங்கே எடுத்துவிட்டு க்ளோசப்புகளைக் கரை மேட்டுக்குப் பின்னால், படகு ஒன்றின் மறைவில் வையுங்கள். ஃபைபர் படகின் உடம்பு நல்ல தடுப்பு.

மைக்கின் மேல் நுரை உறை மட்டும் இருந்தால் கடற்கரைக்குப் போதாது. முடி வைத்த உறை கட்டாயம். ரெக்கார்டரில் 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் லோ கட் (அதற்குக் கீழுள்ள உறுமலை வெட்டுவது) போடுங்கள். 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட். வசனத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருக்கட்டும். கத்தும் வசனம் இருந்தால் ரிகர்சலிலேயே முழுக் குரலில் கத்தச் சொல்லுங்கள். ரிகர்சலில் முனகிவிட்டு டேக்கில் கத்துவது எல்லா நடிகர்களும் செய்வதுதான்.

லேப்பல் மைக்குக்கு (உடையில் மாட்டும் சின்ன மைக்) உடை முக்கியம். பட்டும் பாலியஸ்டரும் உரசிச் சத்தம் போடும், பருத்தி அவ்வளவு போடாது. காஸ்ட்யூம் முடிவாகும்போதே சவுண்டு ஆளிடம் காட்டுங்கள். புடவையில் மைக்கை முந்தானை மடிப்புக்குள் செருகினால் ஒவ்வொரு அசைவும் கேட்கும். ரவிக்கையின் கழுத்தோரத்துக்கு உள்பக்கம், மைக்குக்கு மேலும் கீழும் மருந்துக்கடை மைக்ரோபோர் டேப் ஒட்டி, ஒயரில் ஒரு சின்ன வளையம் விட்டு அதையும் ஒட்டுங்கள், ஒயர் இழுபட்டாலும் மைக்குக்கு அதிர்வு போகாது. தாலிக்கொடி, பாசிமணி மைக்கில் தட்டும். கண்ணாடி வளையலும் கொலுசும் ஃப்ரேமில் தெரியாத ஷாட்டுகளில் கழற்றிவிடுங்கள். வியர்வையில் டேப் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, டிபன் இடைவேளையில் மாற்றுங்கள். பெண் நடிகருக்கு மைக் மாட்டுவது பெண் உதவியாளராக இருக்கட்டும்.

வீட்டுக்குள் ஃபேன், ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள். ஃபிரிட்ஜை நிறுத்தியவர் வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைத்தால், கிளம்பும்போது திரும்பப் போட மறக்க மாட்டார். வீட்டுக்காரரின் மீனும் கெடாது.

ஒவ்வொரு இடத்திலும் யூனிட் முழுவதும் அசையாமல் நிற்க, 60 விநாடி வெறும் சூழல் ஒலி. கடற்கரையில் அதையே 2 நிமிடமாக்குங்கள், 10 விநாடித் துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் ஒரே அலை திரும்ப வருவது காதில் படும். படகு இன்ஜின் கெடுத்த டேக்கில் நடிப்பு ஓகே என்றால், இன்ஜின் போனதும் கேமரா இல்லாமல் அதே வசனத்தை அதே மூச்சில் மூன்று தடவை சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். டப்பிங்கில் அந்தச் சூடு வராது.

புரொடக்‌ஷன்:

அனுமதிக் கடிதம் காவல் நிலையத்துக்கும் ஊராட்சிக்கும் கொடுப்பது ஒருபுறம். குப்பத்தில் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் போய்ப் பார்க்காமல் ட்ரைபாட் இறக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே போங்கள். எந்த நாள், எத்தனை பேர், எத்தனை மணி வரை, கதை என்ன என்று நேராகச் சொல்லுங்கள். மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் படகுத்துறையில் வழியை மறித்துக் கேமரா வைப்பதுதான் அதிகச் சண்டைக்குக் காரணம். அவர்களுடைய நாள் கூலி அந்த அரை மணியில் இருக்கிறது. படகு, வலை, வீடு எதைப் பயன்படுத்தினாலும் வாடகையை முன்னதாகப் பேசி அன்றைக்கே கொடுங்கள்.

டச்சுக் கல்லறை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, ஏரி பறவைகள் சரணாலயம். இரண்டுக்கும் தனித்தனி அனுமதி வேண்டும், ஒருநாள் படத்துக்கு அவற்றைத் தவிர்ப்பது சுலபம். ட்ரோன் யோசனையையும் விடுங்கள். ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் இருக்கிறது.

படகுக் காட்சி எழுதியிருக்கிறவர்களுக்கு: 2011 டிசம்பர் 25 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதையடுத்து சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது. நடிகரைப் படகில் ஏற்றித் தண்ணீருக்குள் போகாதீர்கள். கரையில் பாதி ஏற்றிய படகில் உட்காரவைத்து, கேமராவைத் தாழ்த்தி, பின்னணியில் தண்ணீர் மட்டும் தெரிய எடுத்தால் காட்சி கிடைத்துவிடும். இரண்டு பேர் படகை லேசாக ஆட்டினால் போதும்.

தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர், கூடவே ஓஆர்எஸ். மதியம் சாம்பார் சாதம், தயிர் சாதம். பிரியாணி பேக்கப்புக்குப் பிறகு. எல்லாவற்றுக்கும் முன்னால், குப்பத்தில் கழிப்பறை உள்ள ஒரு வீட்டை நாள் வாடகைக்குப் பேசுங்கள். யூனிட் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாளைத் தள்ளுவதும், மதியம் மயங்கி விழுவதும் இது இல்லாததால்தான். உடை மாற்றவும் பேட்டரி சார்ஜ் போடவும் அதே வீடு உதவும்.

டேட்டா மேசை:

4கே, விநாடிக்கு 100 மெகாபிட் என்றால் மணிக்கு 45 ஜிபி. 128 ஜிபி கார்டு சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். பத்து நிமிடப் படத்துக்கு எட்டு மடங்கு எடுத்தாலும் 80 நிமிடம், 60 ஜிபிதான். ஆகவே 64 ஜிபி கார்டு மூன்று வாங்குங்கள், ஒரே பெரிய கார்டில் நாள் முழுவதையும் வைக்காதீர்கள்.

எடுத்து முடித்த கார்டில் சிவப்பு டேப், இரண்டு ஹார்ட் டிஸ்கிலும் ஏறிய பின் பச்சை டேப். டேப்பை ஒட்டுவதும் உரிப்பதும் ஒரே ஆள்தான். இழுத்துப் போட்டுக் காப்பி செய்யாமல், செக்சம் பார்க்கும் (காப்பியும் மூலமும் அச்சாக ஒன்றா என்று சரிபார்க்கும்) மென்பொருளில் காப்பி செய்யுங்கள். பிறகு ஒவ்வொரு க்ளிப்பிலும் தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். விநாடிக்கு 90 எம்பி படிக்கும் ரீடரில் 64 ஜிபிக்கு 12 நிமிடம் ஆகும். இரண்டாவது டிஸ்க்குக்கும் சேர்த்துக் கால் மணியிலிருந்து அரை மணி ஒதுக்குங்கள். சவுண்டு ரெக்கார்டர் கார்டை மறந்துவிடுவார்கள், அதுவும் இதே வரிசையில் வர வேண்டும். காலையில் முதல் க்ளாப்புக்கு முன் கேமரா, ரெக்கார்டர் இரண்டின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வைத்தால் எடிட்டருக்குப் பாதி வேலை குறையும். திரும்பும்போது இரண்டு டிஸ்கும் வெவ்வேறு வண்டியில். பச்சை டேப் கார்டையும் அன்று ராத்திரி ஃபார்மேட் செய்யாதீர்கள், எடிட்டர் தன் மெஷினில் திறந்து பார்த்துச் சொன்ன பிறகு கேமராவில் வைத்தே செய்யுங்கள்.