டேக்கைக் கழட்டச் சொன்ன ஃபோர்மேன்

பாலிடெக்னிக் மூன்றாம் ஆண்டில் ஐவி, அதாவது கம்பெனி பார்க்கக் கூட்டிப்போவது என்றாலே எங்களுக்கு மெரினாதான். காலையில் பேருக்கு ஒரு கம்பெனி, மத்தியானம் பிரியாணி, சாயங்காலம் கடற்கரை. 2011இல் வேலூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் தகட்டை அச்சில் வைத்துக் குத்தும் ஒரு பிரஸ் ஷாப்புக்குப் போனபோதும் அந்த நினைப்பில்தான் பஸ்ஸை விட்டு இறங்கினோம்.

வாசலிலேயே ஃபோர்மேன் நிறுத்திவிட்டார். ஹெல்மெட் தரப்போகிறார் என்று பார்த்தால், "டேக்கை எல்லாம் கழட்டி பாக்கெட்ல போடுங்க தம்பி" என்கிறார். காலேஜில் கழுத்தில் ஐடி கார்டு டேக் இல்லாவிட்டால் ஃபைன், இங்கே இருந்தால் உள்ளேயே விடமாட்டார்! பெண்களுக்கு ஆளுக்கொரு கோட் கொடுத்து, துப்பட்டாவையும் ஜடையையும் அதற்குள் விடச் சொன்னார். எங்கள் லெக்சரரின் சட்டைக் கை தளர்ந்து தொங்கியது; அவரையும் விடவில்லை. ஓடுகிற மெஷினுக்கு ஆயில் விடுகிறவர் இறுக்கமான உடை போட வேண்டும் என்று அப்போதைய 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவில் இருந்தது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறேன். ஏன் என்று யோசித்ததே இல்லை.

உள்ளே 50 டன் விசையில் குத்தும் ஒரு பவர் பிரஸ். பழைய கீ கிளட்ச் மாடல். டை எனும் கீழ் அச்சின் மேல் ஒரு அட்டையை வைத்தார். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தி, அழுத்திய வேகத்தில் கையை எடுத்துவிட்டார். மேலிருந்து குத்தும் ரேம் அது பாட்டுக்கு இறங்கி அட்டையைக் குத்திவிட்டு மேலே போனது.

"கைய எடுத்துட்டேன்ல? நின்னுச்சா?"

சுற்றுகிற சக்கரத்தோடு ரேமை இணைப்பது கிளட்ச். இந்த வகை ஒருமுறை பிடித்துவிட்டால் முழுச் சுற்று முடிந்துதான் விடும். நடுவில் நிறுத்த வழியே கிடையாது. எமர்ஜென்சி பட்டனை அடித்தால் மோட்டார் கரண்ட் போகும், இறங்குகிற ரேம் இறங்கத்தான் செய்யும். ஆகவே பட்டன்கள் எங்கே இருக்கின்றன என்பதில்தான் எல்லாம். கை ஒரு நொடிக்கு 1.6 மீட்டர் பாயும் என்று வைத்துக் கணக்குப் போடுவார்கள் என்று பின்னால் படித்தேன். பட்டனை அழுத்தியதிலிருந்து ரேம் இறங்கி முடிய 0.3 நொடி என்றால், பட்டன் டையிலிருந்து கிட்டத்தட்ட அரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும்.

மெயினை ஆஃப் செய்ததும் எங்கள் செட்டில் ஒருவன் "இது என்ன சார்?" என்று டைக்குள் விரலை நீட்டினான். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"ஆஃப் பண்ணியாச்சே சார்..."

"கரண்டத்தான் ஆஃப் பண்ணேன். அதப் பாரு."

ஃப்ளைவீல், அந்தக் கனமான சக்கரம், சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அது நிற்கும்வரை எல்லோரையும் சும்மா நிற்க வைத்தார். பிறகு ரேமுக்கு அடியில் கட்டை கொடுத்தார், மெயின் ஸ்விட்சில் தன் பூட்டைப் போட்டார். "மூணு பேரு வேல பாத்தா மூணு பூட்டு தொங்கும். எம்டி வந்தாலும் என் பூட்ட தொறக்க முடியாது, சாவி எங்கிட்ட."

அப்புறம் மெரினா போனோம்.

நான்கு வருஷம் கழித்து வேறொரு பிரஸ் ஷாப்பில் எனக்கு வேலை. பெயர் வேண்டாம். நைட் ஷிப்டில் ஒரு மெஷினின் இடது பட்டன் உள்ளே போனது வெளியே வரவே இல்லை. கிட்டப்போய்ப் பார்த்தால் இடுக்கில் ஒரு ரூபாய்க் காசு. மெஷினை ஓட்டுகிற அண்ணனின் வலது கை பட்டனில், இடது கை டைக்குள்.

"இன்சென்டிவ் சார். ரெண்டு கையும் பட்டன்ல வச்சா பீஸை யாரு வைப்பா?"

நியாயமான கேள்விதான். அரை நொடிக்குள் இரண்டு பட்டனும் சேர்ந்து அழுந்தாவிட்டால் ஓடவிடாத ரிலே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். டார்கெட் அடிபடும் என்று மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். ரிலே வந்தபின் அந்த அண்ணனுக்கு பீஸ் குறைந்தது, என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். கடைசியில் டூல் ரூமில் அவரே ஒரு சரிவுத் தகடு அடித்துக்கொண்டார். பீஸ் தானாக வழுக்கி டைக்குள் போய் உட்கார்ந்தது. எண்ணிக்கை பழையபடி ஏறியது. என்னிடம் மட்டும் இன்னும் ஒரு மாசம் பேசவில்லை.