பத்தாயிரம் மணி நேரமா? யார் எண்ணினது?

கிரீஸ்கை:
"பேர் எடுத்த கம்பெனி டிராக்டர் பத்தாயிரம் மணி நேரம் எஞ்சினைப் பிரிக்காம ஓடும். மலிவு வண்டி வாங்குறவன் கடன் தீர்றதுக்குள்ள இரும்புக்கடை வாசல்ல நிப்பான்." இப்படி ஒரு மகான் நேத்து எழுதிட்டுப் போயிருக்கார். படிச்சதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. நானும் மலிவு வண்டிதான் ஒன்பது வருஷமா ஓட்டுறேன். ஒரு தடவை கிளட்ச் பிளேட், ஒரு தடவை வாட்டர் பம்ப், முன் ஆக்சில் புஷ். அவ்வளவுதான் செலவு. எனக்கு ஒரே கேள்வி: அந்தப் பத்தாயிரம் மணி நேரத்தை யார் உக்காந்து எண்ணினது?

பழையஇரும்பு:
அந்த மகான் நான்தான் தம்பி. எண்ணினது மீட்டர். எங்க அப்பா வாங்கின வண்டி, இப்ப 10,400 காட்டுது. எஞ்சின் மேல்மூடி, அந்த ஹெட்டைக் கூட இறக்கினதில்ல. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். உன் வண்டியை விக்கப் போய்ப் பாரு, தெரியும்.

கிரீஸ்கை:
அண்ணே, பழைய வண்டி மீட்டர் கடிகாரம் கிடையாது. கேபிள் வழியா எஞ்சின் சுத்தை எண்ணுற பொட்டி அது. 1,500 ஆர்.பி.எம்முக்கு, அதாவது நிமிஷத்துக்கு 1,500 சுத்துக்கு, அளவு வச்ச மீட்டர்னா, அந்த வேகத்துல ஓடினாத்தான் ஒரு மணிக்கு ஒரு மணி காட்டும். 2,000-ல வச்சு டிரெய்லர் இழுத்தா ஒரு மணி 20 நிமிஷம் காட்டும். உங்க 10,400-ஐ அப்படிக் கணக்குப் போட்டா நிஜத்துல 7,800. மிச்சம் 2,600 மணி நேரம் எங்க போச்சு?

பழையஇரும்பு:
கணக்கு வாத்தியாரே, மறுபக்கமும் போடுங்க. 750-ல சும்மா நின்னு ஓடினா ஒரு மணிக்கு அரை மணிதானே காட்டும்? லோடு ஏத்துற வரைக்கும் ஆஃப் பண்ணாம நின்ன நேரத்தை எல்லாம் சேர்த்தா 12,000 தாண்டும். அடக்கமா 10,400-ன்னு சொன்னேன்.

சேத்துச்சக்கரம்:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். "மலிவு"ன்னா எது? விலை குறைஞ்சதா, புதுசா வந்த கம்பெனியா? "மதிப்பு"ன்னா திருப்பி விக்கிற விலையா, மொத்தச் செலவா? அதை முதல்ல பேசிக்கிட்டா...

கிரீஸ்கை:
அதெல்லாம் அப்புறம். 2,600 மணி நேரம் எங்கன்னு முதல்ல சொல்லட்டும்.

அப்புறம் இந்தப் பேர் பேர்ங்கிறாங்களே, அந்தப் பேரோட கதை தெரியுமா? 1917-ல ஃபோர்டு இறக்கின ஃபோர்ட்சன்தான் அன்னைக்கு மலிவு வண்டி. 1922-ல விலையை ஒரே வெட்டா 395 டாலருக்கு இறக்கினார். பேர் எடுத்த கம்பெனிகள் எல்லாம் மூச்சுத் திணறிச்சு. இன்னைக்குப் பாட்டன் காலத்துப் பெருமைன்னு பேசுற பேர்ல பாதி, ஒரு காலத்துல யாரோ "இது தாங்காது"ன்னு சிரிச்ச பேர்தான்.

மூணுபாயிண்ட்:
கதையில பாதியை முழுங்கிட்டீங்க அண்ணே. அந்த ஃபோர்ட்சன் கலப்பை எங்கயாவது மாட்டினா முன்பக்கம் தூக்கி ஓட்டுறவன் மேலயே கவிழும், அதுக்கே பேர் போனது. அதைத் தீர்த்தது ஃபெர்குசன்கிறவரோட மூணு பாயிண்ட் இணைப்பு, கலப்பையை வண்டிக்குப் பின்னாடி மூணு இடத்துல மாட்டுறது. 1946-ல இருந்து 1956 வரைக்கும் அவரோட டி.இ.20 டிராக்டர் அஞ்சு லட்சத்துக்கு மேல வந்துச்சு. இன்னைக்கும் அதுக்குப் பார்ட்ஸ் கிடைக்குது. மலிவு வண்டியில இப்படி ஒண்ணு காட்டுங்க பாப்போம்.

கிரீஸ்கை:
பார்ட்ஸ் கிடைக்கிறது பேரால இல்ல, அஞ்சு லட்சம் வண்டி வித்ததால. அத்தனை வண்டி ஓடினா வெளிக் கம்பெனிக்காரன் தானா செஞ்சு விப்பான். பேர் காப்பாத்தும்னா, அமெரிக்காவுல இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியை விடப் பெரிய பேர் எது? 1985-ல விவசாயப் பிரிவையே வித்து, கேஸ்ங்கிற இன்னொரு டிராக்டர் கம்பெனியோட சேர்த்துட்டாங்க. அதே வருஷம் அல்லிஸ் சால்மர்ஸ் கம்பெனியோட டிராக்டர் தொழில் ஜெர்மன்காரன் டாய்ட்ஸ் கைக்குப் போச்சு. அன்னைக்கு அந்தச் சிவப்பு வண்டியையும் ஆரஞ்சு வண்டியையும் பேருக்காக வாங்கினவன் என்ன செஞ்சிருப்பான்?

இன்னொண்ணு. ஜான் டீர் பெயிண்ட் அடிச்ச சின்ன வண்டிகளை ரொம்ப வருஷம் செஞ்சு கொடுத்தது ஜப்பான் கம்பெனி யான்மார். அப்ப காசு வண்டிக்கா, பச்சை பெயிண்டுக்கா? பேரிங்கும் அப்படித்தான். பேரிங் மேல 6206-ன்னு நம்பர் இருந்தா உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16 மில்லிமீட்டர். உங்க யானைக்கும் என் கழுதைக்கும் ஒரே அளவு.

பழையஇரும்பு:
அளவு ஒண்ணுதான், இரும்பு ஒண்ணா? பின் சக்கரத்துக்குச் சுத்து கொடுக்கிற பல்சக்கரம், அந்தக் கிரவுன் பினியனைச் சூடேத்தி எப்படி ஆறப்போட்டான்கிறது அட்டைப்பெட்டியில எழுதியிருக்காது. சேத்துல கேஜ் வீல், அந்த இரும்புக்கூண்டுச் சக்கரம் மாட்டி ரெண்டு பருவம் ஓட்டு, அப்ப வந்து பேசு.

கிரீஸ்கை:
ஒன்பது வருஷத்துல எத்தனை பருவம்னு விரல் விட்டு எண்ணிக்கோங்க. உங்க மீட்டரைக் கேக்காதீங்க.

ஏர்ஃபில்டர்:
எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எஞ்சினைக் கொல்றது புழுதிதான். காத்துப் புழுதியை ஆயில்ல பிடிக்கிற ஆயில் பாத் ஏர் கிளீனர்ல ஆயில் மாத்தாம விட்டா, பிஸ்டன் ஓடுற குழாய், அந்த லைனர், எந்தப் பிராண்டா இருந்தாலும் தேயும். சந்தேகம்னா ஓடிக்கிட்டு இருக்கும்போது எஞ்சின் உள்காத்து வெளிய வர்ற ப்ரீதர் குழாயைப் பாருங்க. புகை குபுகுபுன்னு வந்தா பிஸ்டன் ரிங் போச்சு. மீட்டரே பார்க்க வேணாம்.

பழையஇரும்பு:
நம்ம வண்டியில நூல் மாதிரிதான் வரும்.

கிரீஸ்கை:
நூலா, கயிறா?

மூணுபாயிண்ட்:
கிரீஸ்கை பேச்சைக் கேட்டு நான் பட்டது போதும். பின் டயர்ல கால்சியம் குளோரைடு கலந்து தண்ணி நிரப்பு, பிடிமானம் வரும்னு போன வருஷம் சொன்னார். ரிம் ரெண்டும் துருப்பிடிச்சு உதிருது. மலிவு புத்திமதி.

கிரீஸ்கை:
ஓட்டை டியூப்ல நிரப்பினா துருப்பிடிக்காம பூவா பூக்கும்? டியூபைப் பார்த்துட்டு நிரப்புன்னு அன்னைக்கே சொன்னேன். பழைய பதிவைத் தேடிப் பாருங்க.

மூணுபாயிண்ட்:
தேடினேன். நீங்கதான் அதைத் திருத்தி வச்சிருக்கீங்களே.

கிரீஸ்கை:
எழுத்துப்பிழையைத் திருத்தினேன்! விடுங்க. திருப்பி விக்கிற விலைன்னு மூணு நாளா ஒருத்தர் குதிக்கிறாரே, வாங்கும்போது அதிகம் கொடுத்ததை விக்கும்போது கொஞ்சம் திருப்பி வாங்குறது லாபமா? இடையில வட்டி யார் கட்டினது? பழைய வண்டியைக் கை மாத்தி விடுற ஆளுக்குத்தான் பேர் முக்கியம். அண்ணன் என்ன தொழில்னு எல்லாருக்கும் தெரியும்.

பழையஇரும்பு:
ஆமா, தரகு பாக்குறேன். அதனாலதான் தெரியும். பேர் உள்ள வண்டிக்கு அன்னைக்கே ஆள் வரும். உன் மாதிரி வண்டியை நிழல்ல நிறுத்தி, பெயிண்ட் அடிச்சு, மூணு மாசம் தார்ப்பாய் போட்டு வைக்கணும்.

சேத்துச்சக்கரம்:
மதிப்புன்னா என்னன்னு இன்னும் யாரும்...

கிரீஸ்கை:
தரகர்னு அவரே ஒத்துக்கிட்டார், எல்லாரும் பார்த்துக்கோங்க. இப்ப சொல்லுங்க அண்ணே, அந்த மீட்டர் கேபிள் எப்பவாவது அறுந்துச்சா?

பழையஇரும்பு:
கேபிள்னா அறுகத்தான் செய்யும். ஒரு நாலு மாசம் மாட்டாம ஓட்டினோம். அந்த மணி நேரமும் 10,400-ல சேரலை, ஞாபகம் வச்சுக்கோ.

கிரீஸ்கை:
போன மாசம் கிளட்ச் பத்தின பேச்சுல "ரெண்டு வருஷம் மீட்டர் ஓடலை"ன்னு எழுதினது யாரு?

பழையஇரும்பு:
அது வேற வண்டி. உன் மீட்டர் என்ன காட்டுது, அதைச் சொல்லு.

கிரீஸ்கை:
6,150. எலக்ட்ரானிக் மீட்டர். சாவி போட்டா ஓட ஆரம்பிக்கும், நிமிஷம் பிசகாது.

பழையஇரும்பு:
சாவி போட்டாலே ஓடுமா? எஞ்சின் ஓடாமலேயா? அப்ப வரப்புல நிறுத்திச் சாவியைப் போட்டு நீ பாட்டு கேக்குற நேரமெல்லாம் அதுல இருக்கு. கழிச்சுட்டு வா.

கிரீஸ்கை:
பாட்டு கேக்க ரேடியோ இருக்குல்ல என் வண்டியில, அதான் உங்களுக்கு வயித்தெரிச்சல். 2,600 மணி நேரம் அண்ணே. இன்னும் பதில் வரலை.