ராஜலக்ஷ்மி தமிழ், நாயகன் தெலுங்கு

[நம்ம குடும்பம்: ஞாயிறு காலை]

கார்த்தி: ஒரு ஃபார்வர்டு வந்தது. முதல் தமிழ்ப் பேசும்படத்தில் நாயகி தமிழிலும் நாயகன் தெலுங்கிலும் பேசினார்களாம். இதையும் நம்புகிறார்களா?

கலா சித்தி: வாட்ஸ்அப்பில் வந்தால் பாதி பொய்தான் கண்ணா.

சாரதா அத்தை: இது உண்மைடா. 'காளிதாஸ்', 1931 அக்டோபர் 31-ல் வெளியானது. நாயகி டி.பி. ராஜலக்ஷ்மி, நாயகன் பி.ஜி. வெங்கடேசன். படத்தில் அவள் இளவரசி, அவன் மாடு மேய்க்கிற முட்டாள். ஏமாற்றிக் கல்யாணம் செய்து வைத்துவிடுகிறார்கள். அவள் தமிழில் பேச, அவன் தெலுங்கில் பதில் சொல்வான். ஹிந்தி பேசியவர்களும் உண்டு.

கார்த்தி: டப்பிங் பண்ணியிருக்கலாமே?

சாரதா அத்தை: அப்போது ஏது டப்பிங்? நடிக்கும்போதே குரலையும் பதிவு செய்ய வேண்டும். பின்னணிப் பாட்டும் கிடையாது. யாருக்கு எந்த மொழி வருமோ அதில் பேசினார்கள். படம் எடுத்தது பம்பாயில், தயாரிப்பாளர் அர்தேஷிர் இரானி. அதே வருடம் மார்ச்சில் இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வை வெளியிட்டவர். இயக்கியவர் எச்.எம். ரெட்டி.

வித்யா: 😂 கணவன் மனைவி பேசிக்கொள்வது ஒருவருக்கொருவர் புரியாதா! இப்போதும் அப்படித்தான்.

கலா சித்தி: உன் சித்தப்பா இதைப் படிக்கட்டும்.

ராமு பெரியப்பா: எதுவானாலும் அந்தக் காலம் என்றால் எம்.கே. தியாகராஜ பாகவதர்தான். 'ஹரிதாஸ்' பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அவர் குரலுக்கு ஈடு உண்டா!

சாரதா அத்தை: யார் இல்லை என்றது அண்ணா? ஆனால் அவர் 'பவளக்கொடி'யில் வந்தது 1934-ல்தான். அதற்குள் இந்தப் பெண் 'வள்ளி திருமணம்' வரை வந்துவிட்டாள். பாகவதரைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். இவளைப் பற்றி 'முதல் கதாநாயகி' என்ற ஒரு வரியோடு முடித்துவிடுவார்கள். அதுதான் எனக்கு எரிச்சல்.

ராமு பெரியப்பா: சரி, சொல்லு. காபி எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சாரதா அத்தை: திருவையாற்றுக்காரி. சின்ன வயதிலேயே கல்யாணம் நடந்து, அது நிலைக்கவில்லை. பிழைப்புக்காக நாடகக் கம்பெனிக்குப் போனாள். அந்த நாளில் ஒரு பிராமணக் குடும்பத்துப் பெண் மேடை ஏறினால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மேடைப் பழக்கம்தான் பேசும்படத்தில் கைகொடுத்தது. மைக்குக்கு முன்னால் பாடிக்கொண்டே நடிக்கத் தெரிந்தவர்கள் அன்று நாடகக்காரர்கள்தானே.

'காளிதாஸி'ல் தியாகராஜர் கீர்த்தனையும் பாடினாள், காந்தியின் ராட்டினத்தைப் பற்றிய பாட்டையும் பாடினாள். அதை எழுதியவர் மதுரை பாஸ்கரதாஸ்.

கார்த்தி: காளிதாசன் காலத்தில் காந்தியா?!

சாரதா அத்தை: அதைப் பற்றி அன்று யாரும் கவலைப்படவில்லை. சென்னை வால்டாக்ஸ் ரோட்டில் கினிமா சென்ட்ரல் தியேட்டரில் கூட்டம் அலைமோதியது. படப்பெட்டி வந்தபோதே பூப் போட்டுக் கற்பூரம் காட்டினார்களாம்.

கலா சித்தி: அந்த தியேட்டரா? பிற்பாடு முருகன் தியேட்டர் ஆனதே அதுதானே அக்கா?

சாரதா அத்தை: அதேதான் கலா. ஆனால் நான் சொல்ல வந்தது இது: 1936-ல் 'மிஸ் கமலா' என்று ஒரு படம். கதை அவள் எழுதிய நாவல். திரைக்கதை, தயாரிப்பு, இயக்கம், நடிப்பு எல்லாம் அவளே. தென்னிந்தியாவில் படம் இயக்கிய முதல் பெண் அவள்தான். பம்பாயில் பாத்மா பேகம் 1926-லேயே இயக்கிவிட்டார், ஆனால் அது மௌனப்படம்.

வித்யா: 1936-லா? அத்தை, யூடியூபில் இருக்கிறதா? இப்போதே பார்க்கிறேன்.

சாரதா அத்தை: கிடைக்காது. பிரதி இல்லை. 'காளிதாஸ்' படமும் போய்விட்டது. நைட்ரேட் ஃபிலிம், சீக்கிரம் தீப்பிடிக்கும், மக்கிப்போகும். பத்திரப்படுத்தவும் ஆளில்லை. பாகவதர் படங்களில் சிலதாவது தப்பின, இசைத்தட்டுகளும் இருந்தன. பேரப்பிள்ளைகள் வரை பேசுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

ராமு பெரியப்பா: அது நியாயம். பாகவதர் பாட்டை நானே ரேடியோவில் கேட்டுத்தான் வளர்ந்தேன்.

சாரதா அத்தை: மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தாள். கடைசிக் காலம் வசதியாக இல்லை. 1964-ல் போய்ச் சேர்ந்தாள்.

கார்த்தி: அந்த ஃபார்வர்டில் 'மிஸ் கமலா' பற்றி ஒரு வார்த்தை இல்லை அத்தை. நீங்கள் எழுதியதை அப்படியே காலேஜ் குரூப்பில் போடட்டுமா?

சாரதா அத்தை: போடு. என் பெயரைப் போடாதே. 'ராஜலக்ஷ்மி' என்பதில் 'க்ஷ்'ஷைச் சரியாக டைப் பண்ணு.

ராமு பெரியப்பா: அப்படியே 'ஹரிதாஸ்' லிங்க் ஒன்றும் சேர்த்துப் போடு கார்த்தி 🙏