யூக்கான் ஆற்றில் பதினாறு நாள் கனோ பயணம்: அறுபத்தொரு வயதில் போகலாமா?

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:

வணக்கம். பாலக்காட்டு எல்லையில் தமிழ் வழிப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வான்கூவரில் இருக்கும் மகள் என்னைக் கேட்காமலேயே வரும் ஜூலைக்கு ஒரு பயணத்துக்குப் பணம் கட்டிவிட்டாள். கனடாவின் வடமேற்கில், ஒயிட்ஹார்ஸிலிருந்து டாசன் வரை, யூக்கான் ஆற்றில் எழுநூறு கிலோமீட்டருக்கு மேல். வழிகாட்டி உண்டு. கனோ என்கிற ஒடுங்கிய துடுப்புப் படகு ஒன்றில் இரண்டு பேர். எனக்குத் துணை மருமகன். அவர் கணினிக்காரர். ஆற்றைப் படத்தில் பார்த்ததோடு சரி.

1898 மே 29 அன்று பென்னட் ஏரியில் பனி உடைந்ததும், ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் தங்கம் தேடி இதே வழியில் டாசனுக்குக் கிளம்பின என்று படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. பயத்தால் அல்ல, ஆசையால்.

பயமும் இருக்கிறது. நீச்சல் தெரியும், சித்தூர்ப்புழையில் பழகியது. ஆனால் சில வருடங்களுக்கு முன் ஓர் அணைக்கட்டுச் சுற்றுலாத் தலத்தில் கனோவில் ஏறினேன். எப்படி உட்கார வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பேத்தியிடம் கேமராவைக் கொடுக்க எழுந்தேன், அவ்வளவுதான். செருப்பு போயிற்று, கைப்பேசி போயிற்று. கரையேறியதும், மிதந்துபோன துடுப்புக்கு என்னிடமே காசு கேட்டார்கள்.

எனக்கு மூட்டு வலி உண்டு. மண்டியிட்டே இருக்க வேண்டுமா? படகைத் தலையில் சுமக்கச் சொல்வார்களா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? மனைவிக்குக் கவலை ஒன்றே ஒன்று: கரடி.

தடா ஏரிக்கரை:

ஐயா, நான் கனடா போனவன் இல்லை. பழவேற்காடு ஏரியின் ஆந்திரக் கரையில் பிறந்தவன், அப்பா மீன்பிடித்தவர். எழுந்ததுதான் உங்கள் தவறு, படகின் தவறு இல்லை. ஏறும்போது இரண்டு கையாலும் இரு விளிம்பையும் பிடித்து, காலை நடுவில் வைத்து, உடனே உட்கார்ந்துவிட வேண்டும். எதையாவது கொடுக்க வேண்டுமென்றால் துடுப்பின் மேல் வைத்து நீட்டுங்கள்.

ஆற்றைவிட ஏரிக்குத்தான் அஞ்ச வேண்டும். ஆறு போகிற திசை தெரியும். ஏரியில் காற்று எப்போது திரும்பும் என்று எங்களுக்கே தெரியாது. உங்கள் வழியில் ஏரி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

எட்மண்டன் சித்தூர்க்காரி:

சார், நானும் சித்தூர்தான். பாலக்காட்டுச் சித்தூர், தடா அண்ணன் ஆந்திராவில் இருக்கிற சித்தூர் என்று நினைத்துவிட வேண்டாம்.

மூன்று வருடம் முன் இதே வழியில் கணவரோடு போனேன். இருக்கை உண்டு, பாய்ச்சலில், அதாவது பாறைகளுக்கிடையே ஆறு வேகமாகப் பாயும் இடத்தில், மட்டும் சில நிமிடம் மண்டியிடச் சொல்வார்கள். சுமக்கும் வேலை இந்த வழியில் கிடையாது. விலங்குகளின் மென்மயிர்த் தோலை வாங்கி விற்ற வணிகர்கள் காலத்தில் மெத்தாய் என்ற இடத்தில் 19 கிலோமீட்டர் படகையும் மூட்டையையும் சுமந்தார்கள். அது வேறு வழி, வேறு தலைவிதி.

அண்ணன் சொன்ன ஏரி உண்டு: லபார்ஜ். சுமார் ஐம்பது கிலோமீட்டர். வழிகாட்டி எங்களை விடியற்காலையில் எழுப்பி, கரையை ஒட்டியே கூட்டிப் போனார். இரண்டாம் நாள் காற்று எழுந்ததும் கரையேற்றி, மாலை வரை உட்கார வைத்துவிட்டார். எரிச்சலாக இருந்தது. அந்த அலையைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

கார்மாக்ஸ் ஊரைத் தாண்டியதும் ஐந்து விரல் பாய்ச்சல். நான்கு பாறைத் தூண்கள் ஆற்றை ஐந்தாகப் பிரிக்கின்றன. வலது பக்க வழியில்தான் போக வேண்டும். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தக் காலத்து நீராவிக் கப்பல்கள் எதிர்நீச்சலில் ஏற முடியாமல் கம்பிவடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறின.

ஃபோர்ட் செல்கர்க்கில் இறங்கி நேரம் செலவிடுங்கள். 1848-இல் ஹட்சன் பே கம்பெனி வைத்த கடை. தங்கள் வணிகத்தைக் கெடுத்ததால் கடற்கரைச் சில்காட் மக்கள் 1852-இல் அதைச் சூறையாடினார்கள். இன்றும் அங்கே சாலை கிடையாது.

எனக்கு மறக்காதது வேறு. ஒயிட் ஆறு வந்து கலந்த பிறகு தண்ணீர் சுண்ணாம்பு கரைத்ததுபோல் ஆகிவிட்டது. துடுப்பை எடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தால், அடியில் ஓயாமல் ஒரு சீறல். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் கேட்குமே, அது நிற்காமல் கேட்கிற மாதிரி. படகின் வயிற்றில் வண்டல் உரசுகிற சத்தம் என்று வழிகாட்டி சொன்னார். அன்று முழுக்க யாரும் அதிகம் பேசவில்லை. குடிக்கத் தண்ணீரைப் பக்கத்து ஓடைகளில்தான் எடுத்தோம்.

கரடிக்குப் பயப்படுகிற அளவுக்குக் குளிர்ந்த தண்ணீருக்குப் பயப்படுங்கள், சார். ஜூலையிலும் விழுந்தவுடன் மூச்சுத் திணறும். நீச்சல் தெரிந்தவருக்கும் சில நிமிடத்தில் கை விரல் மடங்காது. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது. பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். வேட்டியை மகள் வீட்டிலேயே விட்டுவிட்டுக் கம்பளி எடுத்துப் போங்கள்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: சமையல் ஓரிடம், கூடாரம் வேறிடம். சாப்பாடு, பற்பசை, சோப்பு எல்லாம் மூடி இறுக்கிய பீப்பாயில் போகும். கரடி விரட்டும் ஸ்ப்ரேயை விமானத்தில் அனுமதிக்க மாட்டார்கள், வழிகாட்டியே தருவார். கரடியைவிட எங்களைத் தின்றது கொசு. இரவு பதினொரு மணிக்கும் புத்தகம் படிக்கிற வெளிச்சம் இருக்கும். கண்ணைக் கட்டத் துணி வேண்டும்.

சைவம் என்று இப்போதே எழுதிச் சொல்லிவிடுங்கள். எங்களுக்குப் பருப்பும் சோறும் செய்தார்கள். உப்பு மட்டும்தான் அவர்களுக்குப் பிடிபடவில்லை. செயற்கைக்கோள் தொலைபேசி இருக்கிறதா, காப்பீடு ஹெலிகாப்டர் மீட்புச் செலவைத் தருமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள்.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:

நன்றி அம்மா. வேட்டி விஷயம் மனைவிக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தினமும் மாலை முற்றத்தில் முக்காலி போட்டு, விளக்குமாற்றைத் துடுப்பாக்கி ஒரு மணி நேரம் உட்காருகிறேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை, பார்த்துவிட்டுப் போகிறார்.

ஒரு சந்தேகம். முன்னால் யார், பின்னால் யார்? நான்தான் மூத்தவன், வரலாறும் தெரிந்தவன்.

தடா ஏரிக்கரை:

படகுக்கு வரலாறு தெரியாது ஐயா. அணியத்தில், அதாவது முன்பக்கம், இருப்பவர் பாறையைப் பார்த்துச் சொல்ல வேண்டும், நிறுத்தாமல் வலிக்க வேண்டும். அமரத்தில், அதாவது பின்பக்கம், இருப்பவர்தான் திருப்புகிறவர். கனமானவரும், கோபம் வந்தால் கத்தாதவரும் அமரத்தில்.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:

அப்படியானால் மருமகன்தான்.