அவசரம்: ஹெட்லைட் மங்கல், புதன்கிழமை மாப்பிள்ளை அழைப்பு

குடியாத்தம்காரன்
ஹெட்லைட் சரியாக எரியவில்லை. பல்பு மாற்றியாகிவிட்டது, பேட்டரியும் புதுசு. புதன்கிழமை சாயங்காலம் தங்கச்சி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு, இந்த வண்டியில்தான். எலக்ட்ரீஷியன் மொத்த ஒயரிங்கையும் மாற்ற வேண்டும் என்கிறார். யாராவது சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி ஸ்பானர்
என்ன வண்டி? ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? இன்ஜின் ஓடும்போதா, நிற்கும்போதா?

டைனமோ தாத்தா
டைனமோதான். வண்டி நின்று இன்ஜின் மெதுவாக ஓடும் ஐட்லிங்கில் அதிலிருந்து பேட்டரிக்குச் சார்ஜே ஏறாது. டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்அவுட்டின் பாயிண்டை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள் தம்பி.

சத்துவாச்சாரி ஸ்பானர்
ஐயா, அவர் இன்னும் வண்டி பெயரையே சொல்லவில்லை.

குடியாத்தம்காரன்
மன்னிக்கவும், கல்யாண வேலை. அம்பாசடர் மார்க் 2, 1972, அப்பாவுடையது. இடது பக்கம் மட்டும்தான். வலது பளிச்சென்று இருக்கிறது. இடது அகல் விளக்கு மாதிரி சிவப்பாக எரிகிறது.

டைனமோ தாத்தா
கட்அவுட்டைப் பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

ஆற்காடு ரிலே
டைனமோ என்றால் இரண்டு லைட்டும் சேர்ந்து மங்கும் தாத்தா. 100/90 பல்பு, அதாவது ஹை பீமுக்கு (தூர வெளிச்சம்) 100 வாட், டிப்புக்கு (தாழ்ந்த வெளிச்சம்) 90 வாட், போட்டீர்களா? இரண்டு ஹை பீமும் எரிந்தால் கிட்டத்தட்ட 17 ஆம்பியர். அத்தனையும் அந்தப் பழைய சுவிட்ச் வழியாகவும் காலால் மிதிக்கும் டிப்பர் வழியாகவும் போக வேண்டும். இரண்டும் சூடாகிக் கருகும். ரிலே போடுங்கள், சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. அதன் முனைகளில் 30 பேட்டரிக்கு, 87 லைட்டுக்கு, 85-ம் 86-ம் காயிலுக்கு. நான் எல்லா வண்டிக்கும் இதைத்தான் செய்கிறேன்.

மீட்டர் வாத்தியார்
இதே கேள்வி இங்கே எத்தனை தடவை வந்துவிட்டது! தேடிப் பார்க்கும் பழக்கம் ஒருவருக்கும் இல்லை. மல்டிமீட்டர் என்று ஒரு பொருள் கடையில் விற்கிறது, கேள்விப்பட்டதுண்டா? லைட்டை எரியவிட்டு, பல்பின் எர்த் முனைக்கும் (கரண்ட் வண்டியின் பாடி வழியே பேட்டரிக்குத் திரும்பும் முனை) பேட்டரி மைனஸுக்கும் நடுவில் வோல்டேஜ் பாருங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கோளாறு. லூகாஸ் முறையில் கறுப்பு ஒயர் எர்த், நீலம்-வெள்ளை ஹை பீம், நீலம்-சிவப்பு டிப். இதைக்கூடப் பார்க்காமல் பல்பு மாற்றுகிறவர்களுக்கு என்ன சொல்வது?

பள்ளிகொண்டா எல்இடி
அண்ணே, இவ்வளவு எதற்கு? எல்இடி போடுங்கள். ஆம்பியரே இழுக்காது.

சத்துவாச்சாரி ஸ்பானர்
எர்த் இல்லாவிட்டால் எல்இடி மட்டும் எதில் எரியும் தம்பி?

டைனமோ தாத்தா
1972 வண்டியில் எல்இடியா! பட்டு வேட்டிக்கு ரப்பர் செருப்பு போட்ட மாதிரி.

பள்ளிகொண்டா எல்இடி
தாத்தா, ராத்திரி டோல்கேட் தாண்டி ஹைவேயில் மஞ்சள் வெளிச்சத்தோடு போய்ப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

ஆற்காடு ரிலே
எதிரில் வருகிறவன் கண்ணைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள் சார். மஞ்சளாக இருந்தாலும் ரிலே போட்டால் போதும். வேலூர் மாவட்டத்திலேயே, ஆம்பூரில் பழைய வண்டி நன்றாகப் பார்க்கும் ஒருவர் இருக்கிறார்.

மீட்டர் வாத்தியார்
ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். 2019-லேயே பிரித்தாயிற்று.

ஆற்காடு ரிலே
எங்கள் அப்பா இன்னும் வடஆற்காடு என்றுதான் விலாசம் எழுதுகிறார். கடிதம் வந்து சேர்கிறது.

சத்துவாச்சாரி ஸ்பானர்
லைட்டுக்கு வருவோம். குடியாத்தம் தம்பி, இரண்டு விஷயம். டிப்பில் வைத்திருக்கும்போது டாஷ்போர்டில் ஹை பீம் காட்டும் குட்டி விளக்கு லேசாக எரிகிறதா? சமீபத்தில் டிங்கர் வேலை, பெயிண்ட் ஏதாவது செய்தீர்களா?

குடியாத்தம்காரன்
ஆமாம் அண்ணே, எரிகிறது! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? பெயிண்ட் போன மாதம்தான் அடித்தோம், கல்யாணத்துக்காக. அதற்கும் லைட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லவில்லை.

சத்துவாச்சாரி ஸ்பானர்
அதுதான் சம்பந்தமே. இடது பல்புக்குத் திரும்பிப் போக எர்த் இல்லை. டிப் இழையில் வந்த கரண்ட் அதே பல்பின் ஹை பீம் இழைக்குள் பின்பக்கமாக ஏறி, நீலம்-வெள்ளை ஒயர் வழியே வலது பல்பின் எர்த்தைத் தேடிப் போகிறது. போகிற வழியில் குட்டி விளக்கையும் எரிக்கிறது. மூன்று இழை ஒன்றன்பின் ஒன்றாக, 12 வோல்ட்டைப் பங்குபோட்டால் அகல் விளக்குதான். பானட்டைத் தூக்கி, இடது லைட்டுக்குப் பின்னால் கறுப்பு ஒயர் பாடியில் முறுக்கியிருக்கும் போல்ட்டைக் கழற்றுங்கள். அடியில் பெயிண்ட் இருக்கும். தகரம் வெள்ளையாகத் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, கொஞ்சம் வாசலின் தடவி முறுக்குங்கள். அவசரத்துக்குப் பேட்டரி மைனஸிலிருந்து ஒரு ஒயரை அந்த இடத்தில் தொட்டுப் பாருங்கள், லைட் துள்ளி எழும்.

மீட்டர் வாத்தியார்
இதைத்தான் நான் முதலிலேயே சொன்னேன்.

பள்ளிகொண்டா எல்இடி
சொன்னீர்கள் சார், திட்டோடு சேர்த்து.

டைனமோ தாத்தா
எதற்கும் கட்அவுட்டையும் பார்ப்பது நல்லது.

*(நான்கு நாள் கழித்து)*

குடியாத்தம்காரன்
எர்த்தான். போல்ட்டுக்கு அடியில் கொட்டைப்பாக்கு அளவுக்கு வெள்ளைப் பெயிண்ட். மாப்பிள்ளை அழைப்பு நல்லபடியாக முடிந்தது, நன்றி அண்ணே. ஆனால் கோயில் வாசலில் திரும்பும்போது ஹார்ன் அடித்து, நிற்கவே இல்லை. ஒயரைப் பிடுங்கும்வரை பேண்ட் செட்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அதற்குத் தனியாகக் கேட்கிறேன்.

சத்துவாச்சாரி ஸ்பானர்
ஸ்டியரிங்கிலிருந்து வரும் ஹார்ன் ஒயர் எங்கோ உரசிப் பாடியில் படுகிறது. இப்போது எர்த் தாராளமாகக் கிடைக்கிறது போல.

டைனமோ தாத்தா
கட்அவுட் பார்த்தீர்களா தம்பி?