ரெஜினாவில் என் பைத்தான் கோப்பு தானாக ஏறவில்லை, உதவுங்கள்

ரெஜினா 7.3 (முப்பரிமாண இடவியல் கணக்குகளுக்கான மென்பொருள்), உபுண்டு 22.04. முப்பரிமாண மேனிஃபோல்டுகளின் (வளைந்த வெளிகளின்) முக்கோணமாக்கல்களில், அதாவது அவற்றை நான்முகிகளாகப் பிரித்த அமைப்புகளில், இயல்பரப்புகளை (நான்முகிகளை முக்கோண, நாற்கரத் துண்டுகளாக மட்டும் வெட்டும் பரப்புகளை) எண்ணும் சில சார்புகளை ஒரே பைத்தான் கோப்பில் எழுதி வைத்திருக்கிறேன். விருப்பத்தேர்வுகளில் உள்ள பைத்தான் நூலகங்கள் பட்டியலில் அதைச் சேர்த்து, டிக்கும் போட்டுவிட்டேன். ஆனாலும் நிரலுக்குள் பைத்தான் கன்சோலைத் திறந்தால், சார்பின் பெயரே தெரியாது என்று பிழை வருகிறது.

போன வாரம் கணினியைப் புதிதாக நிறுவியதிலிருந்துதான் இப்படி. அதற்கு முன் சரியாக ஏறியது.

கோப்பை இடைவெளி இல்லாத பாதைக்கு மாற்றினேன், பட்டியலில் இருந்து நீக்கி மறுபடி சேர்த்தேன், நிரலை மூடித் திறந்தேன். பலன் இல்லை. அதே கோப்பை டெர்மினலில் இயக்கினால் ஒழுங்காக ஓடுகிறது. 5 நான்முகிகள் கொண்ட புவான்கரே கோளத்துக்குத் இயல்பரப்புகளைக் குறிக்கும் செந்தர (standard) ஆயங்கள் 35, நாற்கர (quad) ஆயங்கள் 15 என்று சரியாகவே சொல்கிறது. அதனால் கோப்பில் தவறு இருக்க வாய்ப்பில்லை. ஒவ்வொரு முறையும் கையால் ஒட்டுவது வேலையையே நிறுத்திவிடுகிறது.

கன்சோல் திறக்கும்போது அந்தப் பட்டியலிலுள்ள கோப்பு உண்மையில் வாசிக்கப்படுகிறதா என்று எப்படிச் சோதிப்பது?